தோட்டாவின் கழுத்தில் விழுந்த விரிசலும் குதிரை லாயத்தின் காற்றும்

தோட்டா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளி வரலாற்றுப் பாடம்தான். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்கச் சொன்னார்கள், சிப்பாய்கள் மறுத்தார்கள், 1857 கிளர்ச்சி வெடித்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

அந்தப் பாடத்தில் கடிக்கச் சொன்ன வெள்ளை அதிகாரி இருக்கிறார், கடிக்க மறுத்த சிப்பாய் இருக்கிறார். தோட்டாவைச் செய்தவர், சுமந்தவர், பெட்டியில் அடுக்கியவர், அந்தப் பெட்டிகள் இருந்த கொட்டடியைக் கூட்டியவர் யாரும் இல்லை. வரலாற்றில் நம் ஆட்களைத் தேடும்போது பெரும்பாலும் போர்க்களத்தில் தேடுகிறோம். கோரேகான் தூணில் பெயர் தேடுகிறோம். அது தேவைதான். ஆனால் போர்க்களத்துக்குப் பின்னால் இருந்த லாயத்திலும் கிடங்கிலும் நாம் தேடுவது குறைவு.

இந்தக் கட்டுரை 1857க்குப் பின் வந்த பித்தளைத் தோட்டாவைப் பற்றியது. குறிப்பாக அதன் கழுத்தைப் பற்றியது. இந்தியாவில் மழைக்காலங்களில் அந்தக் கழுத்து தானாகவே விரிசல் விட்டது. யாரும் சுடவில்லை, யாரும் தட்டவில்லை. காரணம் தெளிவாக விளக்கப்பட 1921 ஆனது. உலோகவியல் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்க இன்றும் இந்த நிகழ்வைப் படிக்கிறார்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்களும், களத்தில் நிற்கும் இளம் தோழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று கடைசியில் சொல்கிறோம்.

டம்டம்மில் ஒரு வாய்த் தண்ணீர்

1857 ஜனவரி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம்மில் பெரிய ஆயுதக் கிடங்கும் தோட்டா செய்யும் இடமும் இருந்தன. புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியைப் பழக்குவதற்காகச் சிப்பாய்களை அங்கே அனுப்பியிருந்தார்கள். கிடங்கில் வேலை பார்த்த கலாசி ஒருவர், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த தொழிலாளி, வழியில் கண்ட பிராமணச் சிப்பாயிடம் அவனுடைய செம்பிலிருந்து தண்ணீர் கேட்டார். செம்பு தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுத்தான். உன் சாதி எத்தனை நாளைக்கு இருக்கும், பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப்போகிறாயே என்ற பொருளில் கலாசி திருப்பிச் சொன்னார். இந்த உரையாடலை அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அதே மாதம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இதை மெதுவாக இன்னொரு முறை படிக்க வேண்டும். தோட்டாவில் என்ன பூசுகிறார்கள் என்ற பேச்சு கிடங்குத் தொழிலாளிக்கு எட்டியிருந்தது. துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு எட்டவில்லை. தொழிலின் உள்ளே இருப்பவருக்குத்தான் பொருளின் உண்மை முதலில் தெரிகிறது. ஆனால் அதிகாரியின் கடிதத்தில் அவருக்குப் பெயர் இல்லை. வெறும் கலாசி. வட இந்தியாவின் தலித் வரலாற்று நூல்கள் அவரை மாதாதீன் பங்கி என்று பெயர் சொல்லி நினைவுகூர்கின்றன. ஆவணம் தராத பெயரைச் சமூகம் தன் நினைவிலிருந்து கொடுத்தது.

அதன்பின் நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரலில் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவை வாங்க மறுத்தது. மே 10இல் கிளர்ச்சி. தண்ணீர் கேட்டவர் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

கடிக்க வேண்டிய தோட்டா காகிதத்தால் ஆனது. காகிதச் சுருளுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். ஒரு முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைத் திணித்து இடிக்க வேண்டும். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காகத்தான் கொழுப்பு.

பத்து ஆண்டுகளுக்குள் அந்த முறையே போய்விட்டது. 1866இல் பிரிட்டனில் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்த தோட்டா வந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்து, அடியில் வெடிப்பொட்டு வைத்த தோட்டா. மருந்து, குண்டு, பொட்டு மூன்றும் ஒரே கூட்டுக்குள். கடிக்க வேண்டியதில்லை, இடிக்க வேண்டியதில்லை. துப்பாக்கியின் பின்பக்கம் திறந்து உள்ளே வைத்தால் போதும். அடுத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்காகப் புட்டி வடிவத் தோட்டா வந்தது. அடியில் பருத்து, மேலே குறுகும். குண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் குறுகலான பகுதிதான் கழுத்து. சுருட்டிய தகட்டுக் கூடு சுடும்போது நசுங்கித் துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டது. ஆகவே ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்துச் செய்யும் கூடு வழக்கத்துக்கு வந்தது. 1880களின் முடிவில் வந்த .303 தோட்டா இந்த வகைதான். நம் நாட்டுக் காவல்துறையின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய துப்பாக்கியின் தோட்டா அது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. தோட்டாவுக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தடிமனான தகட்டிலிருந்து காசு போல ஒரு வில்லையை வெட்டி, அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்குவார்கள். அந்தக் கிண்ணத்தை இன்னும் குறுகிய அச்சுகளுக்குள் படிப்படியாக இழுத்து நீளக் குழாயாக்குவார்கள். சூடாக்காமல் அழுத்தும் ஒவ்வொரு முறையும் பித்தளை இறுகிக் கடினமாகும். அப்படியே தொடர்ந்து இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் உலையில் காய்ச்சி மிருதுவாக்க வேண்டும். கடைசியாக வாயை நெருக்கிக் கழுத்து அமைப்பார்கள்.

கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டத் தட்டப் பித்தளை விறைக்கும், நெருப்பில் காட்டினால் இளகும், மறுபடி தட்டலாம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். பித்தளை தண்ணீரில் முக்கினாலும் மிருதுவாகவே இருக்கும். பட்டறைக்காரர்களின் கைக்குத் தெரிந்த இந்த அறிவைத்தான் ஆயுதச் சாலைகள் எந்திரத்தில் ஏற்றின.

ஆனால் கடைசிப் படியில் ஒரு பிசகு இருந்தது. வாயை நெருக்கிக் கழுத்து அமைத்து, குண்டைப் பொருத்தி இறுக்கிய பிறகு, அந்த இடத்தில் உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. வெளியே எந்த அடையாளமும் கிடையாது. கூடு பளபளவென்று இருக்கும். அளவு சரியாக இருக்கும். சோதனையில் தேறிவிடும். உள்ளே மட்டும் உலோகம் தன்னையே இழுத்துக்கொண்டு நிற்கும்.

மழைக்காலமும் லாயமும்

இந்தியாவில் பிரிட்டிஷ் படைகளின் நடமாட்டம் மழைக்காலத்தில் குறையும். அந்த மாதங்களில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். மழை முடிந்து பெட்டியைத் திறந்தால் பல தோட்டாக்களில் விரிசல். குறிப்பாகக் குண்டைக் கூடு கவ்விப் பிடிக்கும் கழுத்தில். நீளவாக்கில், ஆழமாக, உடையக்கூடிய விரிசல். கழுத்து வெடித்த தோட்டாவில் குண்டு ஆடும், மருந்துக்கு ஈரம் ஏறும். வீரனின் உயிர் தொங்கும் பொருள் அது.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் சீசன் கிராக்கிங். தமிழில் பருவ வெடிப்பு என்று சொல்லலாம். மழைப் பருவத்தில் வெடித்ததால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. மரம் காயும்போது வெடிப்பதைப் போல இருந்ததால் வந்த பெயர் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் குற்றவாளி வானிலைதான். பெயருக்குள் லாயம் இல்லை, குதிரை இல்லை, லாயத்தில் நின்ற மனிதரும் இல்லை.

அந்த லாயத்தில் யார் இருந்தார்கள்?

'ஃபாலோயர்' என்று ஒரு வரி

பிரிட்டிஷ் இந்தியப் படையின் கணக்கேடுகளில் போர்வீரர்களுக்குக் கீழே 'ஃபாலோயர்' என்று ஒரு வகை உண்டு. பின்தொடர்பவர் என்று பொருள். தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, குதிரையைப் பராமரிக்கும் சயீஸ், புல் அறுப்பவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், சமைப்பவர், கூட்டுபவர், மலம் அள்ளுபவர் எல்லாரும் இந்த வரியில் அடக்கம். குதிரையின் சாணத்தையும் மூத்திரம் ஊறிய படுக்கைப் புல்லையும் தினமும் வாரியவர்கள் இவர்கள். இவர்களில் பெரும்பகுதி தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர்.

நம் சென்னை மாகாணத்திலும் இதே நிலைதான். வெள்ளையர் வீடுகளிலும் கண்டோன்மெண்டுகளிலும் குதிரைக்காரராக இருந்தவர்களில் பறையர்கள் ஏராளம். வட இந்தியாவில் புல் அறுக்க ஆண்களை வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அது பெண்ணின் வேலை, பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியுடைய வேலை. குதிரை ஒன்றைப் பராமரிக்க ஒரு குடும்பமே உழைத்தது.

பின்தொடர்பவர் என்ற சொல்லை நாங்கள் பல நாள் யோசித்திருக்கிறோம். குதிரைக்கு முன்னால் எழுந்து, குதிரைக்கு முன்னால் தண்ணீர் கண்டுபிடித்து, பின்னிரவில் லாயத்தைக் கூட்டியவர்கள் எப்படிப் பின்தொடர்பவர்கள் ஆனார்கள்? முதல் உலகப் போருக்காக இந்தியாவில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் போர்வீரர் அல்லாத பணியாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். மெசபடோமியா வரை போனார்கள். அவர்களுக்குள்ளும் மேல் கீழ் பிரித்தார்கள். கோவேறு கழுதை ஓட்டுபவரும் காயம்பட்டவரைச் சுமப்பவரும் ஓரளவு மேலே ஏற முடிந்தது. கூட்டுபவர் கீழ்ப்பணியாளர் என்ற வகையிலேயே விடப்பட்டார். சாதி கப்பலேறிக் கடல் கடந்து போனது.

பித்தளைத் தோட்டா வந்த அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நம் ஆட்கள் துப்பாக்கி ஏந்தும் வழி அடைக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெரிய அளவில் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜர். அண்ணல் பிறந்ததே 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில். ஆனால் 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கொள்கையை உரக்கப் பேசினார். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற மகர் வீரர் கோபால் பாபா வலங்கர், சேர்க்கையை மீண்டும் திறக்கக் கோரி 1894இல் மனு எழுதினார். 1900களில் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே அதே கோரிக்கையைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் ஆட்சியை நிறுவ உதவிய தீண்டத்தகாதோரை அதே ஆட்சி பின்னர் படையிலிருந்து விலக்கியதை அண்ணலும் எழுதியிருக்கிறார். தெற்கில் சென்னை சப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் பறையர்களுக்கு இடம் இருந்தது. பாலம் கட்டவும் பாதை போடவும் குழி வெட்டவும்.

ஆக, தோட்டாவைச் சுடும் கை என்ற தகுதி பறிக்கப்பட்டது. தோட்டா இருந்த லாயத்தைக் கூட்டும் கை என்ற வேலை அப்படியே விடப்பட்டது.

1921

மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921இல் பித்தளையின் பருவ வெடிப்பு பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். விரிசலுக்குக் காரணம் மழை மட்டும் அல்ல. லாயத்தின் காற்றில் இருந்த அம்மோனியா. குதிரை மூத்திரம் சிதையும்போது கிளம்பும் வாயு. அது ஈரத்தோடு சேர்ந்து பித்தளையின் மேல் படிகிறது. செம்போடு வினைபுரிந்து தண்ணீரில் கரையும் கூட்டுப்பொருளாகிறது. விரிசலின் முனை கரைய, உள்ளே தங்கியிருந்த இழுவிசை அதை இன்னும் திறக்க, திறந்த இடத்தில் மறுபடி கரைய, விரிசல் உள்ளே உள்ளே போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு காரணங்கள் சேர்ந்தால்தான் வெடிப்பு. உள் இழுவிசை இல்லாத பித்தளையை அம்மோனியாவில் வைத்தால் மேற்பரப்பு அரிக்கும், இப்படி வெடிக்காது. உள் இழுவிசை உள்ள பித்தளையைச் சுத்தமான உலர்ந்த காற்றில் வைத்தால் பல ஆண்டுகள் கிடக்கும். ஒன்று செய்யும்போதே உள்ளே வைத்து அனுப்பியது. மற்றொன்று வைத்த இடத்தில் இருந்தது. தோட்டாவைப் பார்த்தவருக்கு முதலாவது தெரியாது. லாயத்துக்கு வராதவருக்கு இரண்டாவது தெரியாது.

லாயத்துக்குத் தினமும் வந்தவருக்கு இரண்டாவது தெரியும். மூடிக் கிடந்த லாயத்தைக் காலையில் திறந்தால் கண் எரியும், தொண்டை கமறும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், துடைப்பம் போதும். அந்தக் காற்று சாதாரணமானது அல்ல என்பதைத் தன் மூக்காலும் கண்ணாலும் அறிந்தவர் அங்கே ஒவ்வொரு நாளும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. டம்டம் கலாசியாவது ஒரு கடிதத்தில் பெயரில்லாமல் நுழைந்தார். லாயத்தைக் கூட்டியவர் அப்படியும் நுழையவில்லை.

தீர்வு எப்படி வந்தது என்பதும் முக்கியம். லாயத்துக்காரரைத் திட்டியோ, தோட்டாவைத் துடைத்துவைக்கச் சொல்லியோ பிரச்சினை தீரவில்லை. செய்யும் முறையை மாற்றினார்கள். கூட்டை வடிவமைத்து முடித்த பிறகு இன்னொரு முறை இதமாகச் சூடாக்கினார்கள். பித்தளையின் வலிமை கெடாமல் உள் இழுவிசையை மட்டும் தணிக்க சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு போதும். கழுத்துப் பகுதியைத் தனியாக இன்னும் அதிகமாகக் காய்ச்சி மிருதுவாக்குவதும் உண்டு. இன்றும் பல நாட்டு ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு வளையக் கறை தெரியும். காய்ச்சியதன் அடையாளம் அது.

சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் உள்ள நாடுகளில் விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்களும் இதையே செய்கிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது. மறுபடி குண்டு பொருத்துவதற்காக அச்சில் வைத்து நெருக்குகிறார்கள். விரிந்து நெருங்கி, விரிந்து நெருங்கிக் கழுத்து விறைத்துப்போகும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் வெடித்துவிடும். அடிப்பகுதி மட்டும் இளகக் கூடாது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதனால் கூடுகளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி நிற்கவைத்துக் கழுத்தைக் காய்ச்சும் பழைய முறையும் உண்டு. எங்கே இளக வேண்டும், எங்கே உறுதியாக நிற்க வேண்டும் என்று இத்தனை நுட்பமாக ஒரு வெற்றுக் கூட்டைக் கவனிக்கிறார்கள்.

இந்தியாவில் அந்தக் கவனிப்பு யார் கையில் இருந்தது என்பதைச் சட்டம் தீர்மானித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரங்களையும் சேர்த்தே வெடிபொருள் என்று வரையறுத்தது. அரசு உலோகத்தின் மேல் அவ்வளவு கண் வைத்திருந்தது.

மனிதரின் மேல்? தோட்டாவின் கழுத்தை வெடிக்கவைத்த அதே அம்மோனியாவைத்தான் சயீஸும் புல்லறுத்த பெண்ணும் கூட்டியவரும் ஆண்டு முழுக்கச் சுவாசித்தார்கள். உலோகத்தில் விழுந்த விரிசலுக்கு ஆய்வு நடந்தது, கட்டுரை வந்தது, உற்பத்தி முறை மாறியது. நுரையீரலுக்கு அப்படி ஒரு 1921 வரவில்லை. அதே 1921இல், போர்த் தேவைக்காக 1917இல் உருவாக்கிய 111ஆவது மகர் படைப்பிரிவைக் கலைத்தார்கள். மறுபடி மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய பருவ வெடிப்பு

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் சொல்கிறோம்?

நாளிதழில் மாதம் தவறாமல் வரும் ஒரு தலைப்பை நினைத்துப் பாருங்கள். 'விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி.' கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ இறங்கியவர்கள் இறந்தால் வரும் தலைப்பு இதுதான். இலக்கணப்படி பார்த்தால் இந்த வாக்கியத்தில் எழுவாய் விஷவாயு. தாக்கியது அது. இறக்கியவர் இல்லை. ஒப்பந்தம் எடுத்தவர் இல்லை. பாதுகாப்புக் கருவி தராதவர் இல்லை. இறங்கியவர் ஏன் எப்போதும் ஒரே சில சாதிகளிலிருந்து வருகிறார் என்ற கேள்வி இல்லவே இல்லை. பருவ வெடிப்பு என்று சொல்லி வானிலையைக் காட்டியதற்கும் விஷவாயு தாக்கியது என்று சொல்லிக் காற்றைக் காட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

களப்பணியில் நாங்கள் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறோம். ஒரு வீட்டில் இறந்தவரின் அம்மா எங்களிடம் கேட்டது இது: "வாயு இருக்குன்னு அவனுக்குத் தெரியாதாப்பா? எத்தன வருஷமா செய்யிறான். தெரிஞ்சுதான் எறங்குனான். எறங்கலன்னா மறுநாள் வேல இருக்காதே." அவர் சொன்னதில் இரண்டு காரணங்களும் இருக்கின்றன. கீழே வாயு. மேலே மறுநாள் வேலை பற்றிய பயம். அந்தப் பயம் அவர் மகனுக்குள் அன்று காலையில் வரவில்லை. தாத்தா செய்த வேலை, அப்பா செய்த வேலை, வேறு வேலை கேட்டுப் போன இடத்தில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் கேட்டுத் திருப்பி அனுப்பிய அனுபவம், இவையெல்லாம் சேர்ந்து அச்சில் வைத்து நெருக்கியது அது. வெளியே தெரியாது. ஆள் திடகாத்திரமாகத்தான் இருப்பார்.

மனிதர் பித்தளை அல்லர். மனிதரைக் காய்ச்சி இளக்கினால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. மீள்வதற்கான பயிற்சி, விழிப்புணர்வு முகாம் என்று இறங்கியவரையே திருத்தப் பார்க்கும் திட்டங்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நாங்கள் சொல்வது வேறு. 1921 ஆய்வு பழியை வானிலையிலிருந்து எடுத்துச் செய்முறையின் மேல் வைத்தது. அந்த ஒரு நகர்வுதான் நமக்குத் தேவை.

அந்த நகர்வுக்கான சட்டக் கருவிகள் நம் கையில் இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதையே தடை செய்கிறது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், அவர்களைக் கையால் மலம் அள்ளும் வேலையில் அமர்த்துவதை 3(1)(ஜே) பிரிவின் கீழ் வன்கொடுமையாகவே சேர்த்திருக்கிறது.

ஆனால் காவல் நிலையத்தில் என்ன எழுதுகிறார்கள்? கவனக்குறைவால் மரணம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106. கவனக்குறைவு என்பதும் ஒரு வானிலைச் சொல்தான். யாரோ ஒரு நாள் அசந்துவிட்டார் என்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த செய்முறையை அது சொல்வதில்லை.

ஆகவே இளம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். வேலைக்குக் கூப்பிட்டது யார், பணம் பேசியது யார், அந்தக் கட்டடம் யாருடையது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தேதியோடு குறித்துவையுங்கள். ஆய்வு செய்யும் மாணவர்கள் இறந்தவரின் தாத்தா என்ன வேலை செய்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். உள்ளே தங்கிய இழுவிசை அங்கேதான் பதிவாகும்.

முக்கியமாக, அந்த வேலையைச் செய்பவரிடம் முதலில் கேளுங்கள். டம்டம் கிடங்கில் தோட்டாவைப் பற்றிய பேச்சு முதலில் எட்டியது தண்ணீர் மறுக்கப்பட்டவருக்கு. லாயத்தின் காற்று எப்படிப்பட்டது என்பதைத் தினமும் அறிந்தவர் அதைக் கூட்டியவர். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது இறங்குபவருக்குத் தெரியும். நம் வேலை அந்த அறிவை ஏட்டில் ஏற்றுவது, பெயரோடு.

ஜெய் பீம்.